பச்சை மஸ்டாங்கும் கடலைத் தோலும்

புது வண்டி வாங்கியதும் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினீர்களா, இல்லையா? நசுக்கியவர் என்றால் அமெரிக்காக்காரனைப் பார்த்துச் சிரிக்க அவசரப்படாதீர்கள். நசுக்காதவர் என்றாலும், வேலைக்குக் கிளம்பும்போது எதிரே ஒரு விதவை வந்தால் உங்கள் கால் ஒரு கணம் தயங்குமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு, பிறகு ஓர்ஃபா ஸ்டிடமின் கதைக்கு வாருங்கள். அவளும் விதவைதான்.

மிஷிகனில், இப்சிலாண்டிக்கு வெளியே மக்காச்சோளக் காடுகளின் நடுவே, கால் மைல் நீளத்துக்கு ஒரு நேர்சாலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இரண்டிரண்டு கார்களாகப் பந்தயம் நடக்கும். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் கார் செய்தவர்கள் ஞாயிறன்று அதை ஓட்டிப் போட்டியிட வருவார்கள். ஃபோர்டு கட்சி ஒன்று, ஷெவ்ரலே கட்சி ஒன்று. கல்யாண விருந்தில்கூட இரண்டும் ஒரே மேசையில் உட்காராது. எஞ்சினின் உறுமலை வைத்தே எந்த சிலிண்டர் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடக்கூடிய மனிதர்கள் அவர்கள். இரும்பிலிருந்து ஐந்நூறு குதிரைத்திறனைக் கறந்தவர்கள். ஆனால் மூன்று விஷயங்களுக்கு நடுங்குவார்கள்: காரில் பச்சை வண்ணம், கார்கள் நிற்கும் இடத்தில் வேர்க்கடலைத் தோல், அங்கே கால் வைக்கும் பெண். இந்த மூன்றும் ஆகாது என்று யார் முதலில் சொன்னது? யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை.

ஓர்ஃபா மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கென்டக்கியின் நிலக்கரிப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். கணவன் வெர்ஜிலுடன் பிழைப்புக்காக வடக்கே வந்தாள். இரும்பை உருக்கி வார்க்கும் ஆலையின் புகை அவனைத் தின்று முடித்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். ஒரே இயந்திரம், ஒரே தையல். ஆண் தைத்தால் அவன் ‘தையல்காரன்’, பெண் தைத்தால் அவள் ‘உதவியாள்’. பெயரை மாற்றிவிட்டால் கூலியைக் குறைக்கலாம் அல்லவா? அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு மட்டும் எந்த ராசியும் தேவைப்படவில்லை.

பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் கார் அவள் கைக்கு வந்ததும் இந்த மூடநம்பிக்கையால்தான். பந்தயப் பைத்தியம் பிடித்த ஊரில் அந்த நிறத்தை எவனும் தொடவில்லை. விற்பனைக்காரன் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். முட்டாள்தனத்தால் தனக்கு ஆன ஒரே லாபம் அதுதான் என்று ஓர்ஃபா சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று வருடம் ஓட்டினாள். தெற்கத்தி வழக்கப்படி கடலையை உரித்துக் கோலா பாட்டிலுக்குள் போட்டுக் குடித்தபடி தன் முறைக்குக் காத்திருப்பாள். முறைத்தவர்கள் முறைத்தார்கள். அவளுக்கு அந்தச் சாலையின் முடிவில் இருந்த கடிகாரம் போதும். ஓட்டியது ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. அவளுடைய வாரத்தில் அப்படி ஒரு கடிகாரம் வேறெங்கும் இல்லை.

அவளுக்கு இணையான எதிரி டெல்பர்ட் க்ரோல். ஷெவ்ரலே ஷெவெல் வைத்திருந்தான். பலத்தில் அவனுடைய கார் மஸ்டாங்கைப் போல ஒன்றரை மடங்கு. ஆனால் பச்சை விளக்கு எரிந்ததும் அந்தப் பலமெல்லாம் பின்சக்கரத்தில் புகையாய்ப் போகும். டயர் தரையைப் பிடிக்காமல் அங்கேயே சுழலும். ஓர்ஃபா கிளட்சை மெல்ல விட்டு அதற்குள் பாதித் தூரம் போயிருப்பாள். கடைசியில் அவன் துரத்தி வருவான். சில ஞாயிறு பிடிப்பான், சில ஞாயிறு விட்டுவிடுவான்.

“மாட்டு வண்டியை ஓரங்கட்டும்மா, பெரியவங்க வர்றோம்” என்பான்.

“புகைய நிறுத்திட்டு வா கண்ணு. சோளமெல்லாம் இருமுது” என்பாள் அவள். எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

எழுபத்தொன்றாம் வருட ஆகஸ்டில் டெல்பர்ட் இன்னும் பெரிய எஞ்சினைப் பொருத்திக்கொண்டு வந்தான். கூடவே, புகைவதை நிறுத்த அகலமான, மெத்தென்ற பந்தய டயர்கள். விளக்கு எரிந்தது. இந்த முறை டயர் தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. புகையாக ஓடிப்போக வழியில்லாத பலம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போயிற்று. பின்சக்கரங்களின் அச்சான ஆக்சில் முறிந்து, சக்கரம் கழன்று உருண்டது. கார் சாய்ந்து தடுப்புக் கம்பியில் மோதியது. டெல்பர்ட்டுக்குக் காறை எலும்பு உடைந்தது. அடுத்த தடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓர்ஃபா பந்தயத்தை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அவனை வெளியே இழுத்தவர்களில் ஒருத்தியாக நின்றாள்.

ஆஸ்பத்திரியில், வலியில், டெல்பர்ட் சொன்ன வார்த்தை ஊரெல்லாம் பரவியது. காலையில் தன் காருக்குப் பக்கத்தில் கடலைத் தோலை மிதித்தானாம். போதாதா?

பந்தயத் தளத்தின் சொந்தக்காரர் வெண்டல் அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார். அவள் வந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று ஆண்கள் சொல்கிறார்களாம்.

“எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா. ஆனா நம்புறவங்கதானே டிக்கெட் வாங்குறாங்க.”

“நம்பாதவன் நம்புறவன் சொல்றபடி ஆடினா, ரெண்டு பேருக்கும் என்ன கண்ணு வித்தியாசம்?”

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சமாதானம் சொன்னார்: கார் ஓடட்டும், அவளுக்குப் பதில் யாராவது ஒரு ஆண் ஓட்டட்டும். ஓர்ஃபா கதவைத் திறந்து பிடித்து, அவர் போகும்வரை நின்றாள். கடலையை விடலாம், காருக்கு வேறு வண்ணம் அடிக்கலாம். பெண்ணாகப் பிறந்ததற்கு என்ன வண்ணம் அடிப்பது?

அடுத்த ஞாயிறு, பந்தயத்துக்கு முன், சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். ஓர்ஃபாவை இனி விடுவதா வேண்டாமா என்று கை தூக்கி முடிவு செய்ய. அவளும் போயிருந்தாள். மூன்று வருடமாக இங்கே கடலை தின்கிறேனே, நான் தோற்ற ஞாயிறுகளில் அந்தச் சாபம் எங்கே போயிருந்தது என்று கேட்டாள். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்தபடியே கை தூக்கவும் அவர்களால் முடியும். அது அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் டெல்பர்ட் வந்தான், கழுத்தில் தொங்கும் கட்டோடு. அவன் மச்சினன் பின்னால் ஒரு சாக்கைத் தூக்கி வந்து மேசையில் போட்டான். உள்ளே முறிந்த ஆக்சில். முறிந்த பக்கத்தை டெல்பர்ட் திருப்பிக் காட்டினான். ஒரு பாதி உடைத்த கற்கண்டு மாதிரி மின்னியது. மறுபாதி, பழைய எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருந்தது.

“இந்தக் கறுப்பு போன ஞாயித்துக்கிழமை வந்ததில்ல” என்றான். “விரிசல் விட்டு மாசக்கணக்காச்சு. கடைக்குப் போய்வர்ற காருக்குச் செஞ்ச ஆக்சில் இது. மாத்தணும்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பதிலா எஞ்சின மாத்தினேன். எஞ்சின்னா மூடியைத் திறந்து ஊருக்கே காட்டலாம். ஆக்சில எவன் குனிஞ்சு பாக்கப்போறான்? கடலைமேல பழியைப் போட்டது நான். அந்தம்மா என்னைக் காருக்குள்ளேர்ந்து இழுத்துப் போட்டாங்க.”

அவன் இன்னொன்றும் சொன்னான்.

“அடுத்து என் ஷெவெலுக்கு அடியில ஃபோர்டு ஆக்சில்தான் போடப்போறேன். என் பலத்தைத் தாங்குறது அதுதான் கிடைக்குது. சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சு முடிச்சுக்கோ.”

ஃபோர்டு கட்சி சிரித்தது. ஷெவ்ரலே கட்சி எழவு வீடு போல உட்கார்ந்திருந்தது. யோசித்துப் பாருங்கள்: அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. குற்றம் கடலைக்கு, அனுதாபம் அவனுக்கு. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தன் கட்சிக்காரர்கள் முன்னாலேயே தலை குனிந்தான்.

அவளை விலக்க யாரும் கை தூக்கவில்லை. மூன்று பேர் மட்டும் கார்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அவர்கள் கடைசிவரை திருந்தவில்லை. வெண்டல் தொண்டையைச் செருமி, இரண்டு மணிக்குப் பந்தயம் என்றார்.

அடுத்த வசந்தத்தில் டெல்பர்ட் திரும்பி வந்தான். அதற்குள் தன் காரின் கிழிந்த இருக்கையை ஓர்ஃபாவிடம் கொடுத்துத் தைத்து வாங்கியிருந்தான். அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், அவள் பச்சை நூலால் தைத்து வைத்தாள். அவன் அதைக் கண்டுபிடித்தான். பிரிக்கவில்லை.

அன்றைக்கு டயர் பிடித்தது, ஆக்சில் தாங்கியது. ஷெவெல் பாதித் தூரத்திலேயே மஸ்டாங்கைத் தாண்டிப் போயிற்று. ஓர்ஃபா அப்படி ஒரு தோல்வியை அதுவரை கண்டதில்லை. இறங்கி வந்து, கோலா பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள்.

“இன்னைக்கு ஒரு கார்கிட்ட தோத்தேன் கண்ணு, கடலைத் தோல்கிட்ட இல்ல. ரொம்ப நன்றி.”

அவன் ஒரு மடக்கு குடித்து, கடலையை மென்றான்.

மேலும் பதினொரு வருடம் அவள் ஓட்டினாள். நிறையத் தோற்றாள். யாராவது டெல்பர்ட்டைப் பற்றிக் கேட்டால் அவனுடைய எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்தச் சாக்கைப் பற்றித்தான் பேசுவாள். அதை அவன் கிணற்றில் போட்டிருக்கலாம், மேசையில் போட்டான் என்பாள்.

உங்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த முறை உங்கள் வண்டி நடுவழியில் நின்றால், புறப்படும்போது எதிரே வந்தவள் யார் என்று யோசிக்காதீர்கள். இறங்குங்கள், குனியுங்கள், முறிந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு தெரிந்தால், அவள்மேல் பழி போட்ட அதே கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் அதைக் காட்டுங்கள்.