மவுஸ் வைத்தால் மட்டும் தெரியும் அறை

யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஒரு படத்தை வைத்துவிட்டு, "காட்டினோம்" என்று சொல்லலாமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

என் கணவரின் அண்ணன் பென்னலூரில் பெண்கள் விடுதி நடத்துகிறார். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் தெற்கத்திப் பெண்கள் அங்கே தங்குகிறார்கள். அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் இருக்கிறோம். கம்ப்யூட்டர் படித்தவள் சும்மாதானே இருக்கிறாள் என்று விடுதியின் இணையப் பக்கத்தை என் தலையில் கட்டினார். கைக்குழந்தைக்காரி அவர் பார்வையில் சும்மா இருப்பவள்.

கார் விற்கும் பக்கம் ஒன்றில், மவுஸ் பட்டதும் கதவு திறக்கும் படத்தை அவர் பார்த்திருந்தார்.

"அதே மாதிரி வெய்யிம்மா. மொதல்ல ரெண்டு கட்டில் ரூம். மவுஸ் வெச்சா ஆறு கட்டில் ரூம். நாளைக்கு எவனாச்சும் வந்து கத்துனா, காட்டித்தான கீதுன்னு சொல்லிக்கலாம்."

அந்த இரண்டு கட்டில் அறை, வார்டன் தங்கும் அறை.

"சரி மாமா" என்றேன். வேறென்ன சொல்வேன்? இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மவுஸ் வந்தால் மேலே உள்ளது மறையும்படி பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதினேன். மாற்றம் மெதுவாக நடக்க இன்னொரு வரி. ஜாவாஸ்கிரிப்ட்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பார்ப்பது போனில். போனில் படத்தைத் தொட்டால் நேராக மாமாவின் எண்தான் வரும். அதுவும் அவர் கேட்டதே.

போன வாரம் வார்டன் லீவு. மாமா சாவியோடு என்னை அனுப்பினார். மதியம் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி பையோடு வந்தாள். கதவைத் திறந்தேன். ஐந்து கட்டில்களில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கினார்கள். ஆறாவது கட்டில் பகல் ஷிப்ட் போயிருந்தவளுடையது. அவள் வரும்வரை இவள் அதில் படுக்கலாம். அவள் வந்ததும் எழுந்து வேலைக்குப் போக வேண்டும்.

"என்னக்கா இது? படத்துல ரெண்டு கட்டில்தான இருந்துச்சு?"

"அது மேல மவுஸ் வெச்சா இதுவும் தெரியும்மா..."

"மவுஸா? பஸ்ஸுல கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டா வருவாக? நீங்கதான் செஞ்சியளோ? ரொம்ப நல்லாப் படிச்சிருக்கீயக்கா!"

போர்வைக்குள்ளிருந்து ஒருத்தி சொன்னாள்: "மவுஸ் இல்லடி, எலி வேணா இருக்கு. கதவச் சாத்துங்க, தூங்கணும்."

பையோடு வந்தவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு என்மேல். வீட்டுக்கு வந்ததும் மவுஸ் வந்தால் படத்தை மறைக்கும் அந்த வரியை அழித்து, போனிலும் தெரியும்படி இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். 'வார்டன் அறை', 'தங்கும் அறை' என்று கீழே எழுதினேன். அழைப்புகள் குறைந்தன. மாமா படியேறி வந்தார்.

"இன்னாம்மா, என் பொழப்புல மண்ணப் போடவா படிச்சிக்கினு வந்த? ஞாயித்துக்கெழமைக்குள்ள பழையபடி மாத்து. இல்லன்னா மாடிய காலி பண்ணிக்கினு கெளம்புங்க."

அவர் படியிறங்கும்வரை என் கணவர் உள்ளறையிலேயே இருந்தார். பிறகு என்னிடம், "அண்ணன் சொல்றத செஞ்சிடேன். கொயந்தைய வெச்சிக்கினு எங்க போறது?" என்றார். அண்ணனிடம் ஒரு சொல் பேச முடியாதவருக்கு என்னிடம் மட்டும் பேச்சு வருகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. நான் இன்னும் எதையும் மாற்றவில்லை. பழையபடி வைத்துவிட்டு இந்த வீட்டில் இருப்பதா, வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு வேறு வீடு தேடுவதா? வார்டன் அறைப் படத்தை மட்டும் விட்டுவைத்து, கீழே சிறிய எழுத்தில் 'ஆறு பேர் அறை' என்று போட்டால் நியாயமாகுமா, இல்லை அதுவும் அதே திருட்டுத்தனம்தானா? இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.