எலுமிச்சை வைத்த வாசற்படி

ஓசூரில் கட்டிய புது வீட்டு வாசற்படிக்கு, தேன் நிறத்தில் வரிவரியாக ஓடும் ஓனிக்ஸ் கல்லைப் போட்டிருந்தேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அதையே பார்த்தார்கள். கண் பட்டுவிடுமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவினேன். யார் காலிலும் ஒட்டக்கூடாதே என்று படியின் இரு ஓரமும் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் எடுத்தால், பளபளப்பு போய் இரண்டு வட்டங்கள் வெளுத்திருந்தன. தேய்த்தும் போகவில்லை. அபசகுனமோ என்று பதறி, கல் விற்றவருக்குப் போன் செய்தேன்.

“பேருதான் சார் ஓனிக்ஸு. அசல்னா ஒண்ணும் ஆவாது. இது சுண்ணாம்பு சேர்ந்த கல்லு, புளிப்பு பட்டா அரிச்சிடும்” என்றார்.

“இனிமே தட்டுல வெய்யுங்க” என்றாள் மனைவி.

தட்டில்தான் வைக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், திருஷ்டிக்குப் பயந்து நானே உண்டாக்கிய இரண்டு கண்கள் படியிலிருந்து என்னைப் பார்க்கின்றன.