இரண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் எங்கள் வீடு

திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தபோது, வேர்க்கடலை விதைக்கும் வண்டி ஒன்றைக் கோணாமல் தானாக ஓட வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அதற்காக, நிற்கும் இடத்தை இரண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லும் ஜி.பி.எஸ். ரிசீவர் ஒன்று வாங்கி, உள்ளங்கையில் அடங்கும் மைக்ரோகன்ட்ரோலரோடு இணைத்தேன். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு ஆன்டெனாவை மொட்டைமாடிச் சுவரில் வைத்தேன்.

கீழே குடியிருந்த ஹவுஸ் ஓனர் அம்மா மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். நான் செல்போன் டவர் வைக்கிறேன் என்று தெருவில் யாரோ சொல்லிவிட்டார்களாம். இது எதையும் அனுப்பாது, நம் வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும் என்றேன்.

"எங்க வூடு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்?"

சிக்னல் வேறு சரியாக இல்லை. ஆன்டெனாவுக்கு அடியில் இரும்புத் தகடு வேண்டும் என்று முனகினேன். காதில் விழுந்திருக்கிறது. கீழே போய்ப் பழைய தோசைக்கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆன்டெனாவின் காந்தம் அதில் கப்பென்று ஒட்டிக்கொண்டது. கல்லூரிக் கூரையிலிருந்த இன்னொரு ரிசீவர் இன்டர்நெட்டில் அனுப்பிய திருத்தங்களும் வந்து சேர, ரிசீவரில் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்த விளக்கு நிலையாக எரிந்தது.

பெருமையாக லேப்டாப்பில் மேப்பைத் திறந்தேன். திரை முழுக்க வெள்ளை. வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பனித்தீவு. பிழை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இல்லை என்று கீழே எழுதியிருந்தது. அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் ஊருக்கு அட்சரேகை பன்னிரண்டு, தீர்க்கரேகை எழுபத்தொன்பது. புரோகிராமில் இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். திருத்தி மறுபடி ஏற்றியதும் புள்ளி திண்டிவனத்துக்கு வந்து, எங்கள் மாடியில், தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பாராட்டுவார் என்று திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அங்கயே வுட்டிருக்கலாம் டீச்சர். கொஞ்சம் ஜில்லுனு இருந்திருக்கும்."

மறுநாள் விழுப்புரத்திலிருந்து வந்த தங்கையைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். வீட்டை இன்னொரு தடவை பனியில் வைத்துக் காட்டச் சொன்னார். நானும் எண்களை மாற்றிப் போட்டேன். தங்கை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, விழுப்புரத்திலிருந்து அங்கே நேர் பஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "மெட்ராஸ் போயி மாறணும்" என்றார்.