அத்தானுக்குத் தைத்த சட்டை

அந்தத் தொகுப்பாசிரியரின் தொலைபேசி இலக்கத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் அழைத்து நன்றாகக் கிழிக்க வேண்டும் என்றே வைத்திருக்கிறேன். கிழிபட வேண்டிய முதல் ஆள் நான்தான் என்பதும் தெரியும். அந்த எரிச்சலையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அவர் வெளிநாட்டில் இருப்பவர். உலகத்துப் பழங்கதைகளை இன்றைய வாழ்க்கையில் வைத்துத் திருப்பிச் சொல்லும் சிறுகதைகளைப் புத்தகமாகப் போடப் போவதாகவும், வன்னியிலிருந்து ஒரு கதை கட்டாயம் வேண்டும் என்றும் கேட்டார். நான் ஜெயபுரத்தில் படிப்பிக்கிற ஒரு ரீச்சர். இரண்டு மூன்று கதைகள் சஞ்சிகைகளில் வந்திருந்தன, அவ்வளவுதான். புத்தகம் என்றதும் தலைகால் தெரியவில்லை. கிரேக்கத்துக் கதை ஒன்றை எடுத்தேன். போருக்குப் போன அரசன் வருஷக்கணக்காகத் திரும்பவில்லை. அவன் செத்துவிட்டான், வேறு கலியாணம் செய் என்று ஊர் மனைவியை நெருக்குகிறது. கையிலுள்ள துணியை நெய்து முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள் அவள். பகலில் நெய்ததை இரவில் பிரித்துவிடுகிறாள்.

இதற்குப் பாத்திரம் தேடி நான் எங்கே போவது? ஒரே வீட்டில் அக்கா இருக்கிறாள்.

அத்தான் கடைசிச் சண்டை முடிந்தபோது ஆமியிடம் பேர் பதிந்துவிட்டு வருகிறேன் என்று போனவர். பதினாறு வருஷமாகிறது. அக்கா மரணச் சான்றிதழுக்கு ஓமென்று சொல்லவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவள் அத்தானுக்கும் ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறாள். உள்ளே நிறையத் துணி மடித்துவிட்டுத் தைத்த சட்டை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பக்கத் தையலைப் பிரித்து, இடுப்பைக் கொஞ்சம் இளக்கித் திரும்பத் தைப்பாள். "வயசு போகப் போக ஆம்பிளையளுக்கு வயிறு வைக்குமெல்லோ" என்பாள். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டை. அதைத் தூக்கி அப்படியே கதைக்குள் போட்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. என்ன துணிச்சல் பாருங்கள்!

நான் முதலில் எழுதிய கதையில் பழைய கதையில் போலவே அவன் திரும்பி வந்தான். படலையில் நின்றான், சட்டை அளவாக இருந்தது. தொகுப்பாசிரியர் உடனே தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, அந்தாள் வந்து நிக்கிறதை இப்ப ஆர் நம்புவினம்? நவீனக் கதையெண்டா அவள் அந்தப் பொட்டை அழிச்சுப்போட்டு வெளியில வரவேணும். அதுதானே விடுதலை."

கண்டறியாத நவீனம்! குளிருக்குள் இருந்துகொண்டு எங்கள் வீட்டுப் பொட்டை அழிக்கச் சொல்ல அவர் யார் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். "ஓம் அண்ணை, யோசிச்சுப் பாக்கிறன்" என்றேன். இரண்டே நாளில் முடிவை மாற்றினேன். அவள் அந்தச் சட்டையாலேயே நெற்றியைத் துடைத்துவிட்டுப் படலையைத் திறந்து நடக்கிறாள். எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. சீ!

புத்தகம் வந்தது. எங்கள் வாசிகசாலையில் அறிமுகக் கூட்டம் வைத்தார்கள், நான் என் கதையை வாசித்தேன். அதே ஊரில் இருக்கும் எங்கள் மாமி, அப்பாவின் தங்கச்சி, முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா, தைக்கிற வேலை கிடக்கிறது என்று வரவில்லை. புத்தகத்தை வாங்கி அலுமாரியில் வைத்தாள். வாசித்தாளா என்று கேட்க எனக்குப் பயம்.

அடுத்த மாதம் மாமியின் மகளுக்குக் கிளிநொச்சியில் கலியாணம். அக்கா கூறைச் சேலை உடுத்து, பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். மண்டப வாசலில் தட்டோடு நின்றது மாமிதான். பன்னீர் தெளித்தார், சந்தனத்தை நீட்டினார். அக்கா குங்குமத்துக்கு விரலைக் கொண்டுபோக, மாமி தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

"உனக்கு இனி வேண்டாம் பிள்ளை. தங்கச்சியே எழுதிப்போட்டாள், பிறகென்ன?"

குரலில் கொஞ்சமும் நஞ்சில்லை. தலையைத் தடவிக்கொண்டு சொன்னார். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். அக்கா ஒரு கற்கண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தாள். தாலி கட்டும்போது அறுகரிசி போடவும் மேடைக்குப் போகவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நான் வெடித்தேன். மாமியின் வீட்டுக்கு இப்பவே போகிறேன், நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று சைக்கிளை எடுத்தேன்.

"மாமியோட ஏன் கொழுவப் போறாய்?" என்றாள் அக்கா. "அவா நீ எழுதினதைத்தானே செய்தவா."

"அது நான் எழுதினதில்லை அக்கா, அந்த விசரன் சொல்லி மாத்தினது. முதல் எழுதேக்க..."

அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். சேலைகூட மாற்றாமல் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாள். மடியில் அத்தானின் சட்டை கிடந்தது.

"நீ எடுத்த அந்தப் பழைய கதை. அதில அந்த மனுசன் திரும்பி வந்தவரோ?"

"ஓம்."

"எத்தினை வருஷத்தால?"

"இருபது."

அக்கா சட்டையைத் திருப்பி, பக்கத் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"ஆரோ எவரோ, முன்பின் தெரியாத சனம், அவளுக்கு இருபது வருஷம் குடுத்திருக்குதுகள். நீ என்ர கூடப்பிறந்தவள். எனக்குப் பதினாறிலயே முடிச்சுப்போட்டாய்."