ஊதினால் குமிழி வருகிற ஓக்

போன சனிக்கிழமை எங்கள் மல்வேர்ன் வீட்டுக் கராஜில் மூன்று வளர்ந்த மனிதர்கள் ஓக் மரக் கட்டையை வாயில் வைத்து வாளித் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருந்தோம். நான், மனைவி சுகந்தி, நண்பர் யோகன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்... போய்த் தன் கராஜ் கதவை இறக்கிவிட்டார்.

நடந்தது இதுதான்.

ஒவ்வொரு சம்மரும் ஏரிக்குப் போவோம். வாடகைப் படகில் நான் ஏறுவேன். சுகந்தி கரையில் என் செருப்புக்குக் காவல் இருந்து படம் எடுப்பாள். இருபது வருடப் படங்களிலும் படகில் நான் தனியாகத்தான் இருக்கிறேன், ஏதோ மனைவி விட்டுவிட்டுப் போன ஆள் மாதிரி. முன்பின் தெரியாதவர்கள் செய்த படகை அவள் நம்பமாட்டாளாம். சரி, நானே செய்கிறேன் என்றேன்.

"நீங்கள் செய்தால் இன்னும் பயம்" என்றாள்.

நியாயம்தான். நான் குசினிச் சுவரில் பூட்டிய தட்டு ரைஸ் குக்கரோடு கீழே வந்த கதையை முன்பே இங்கே எழுதியிருக்கிறேன்.

விடுவேனா? யோகன் வீடுகளுக்குக் குசினி அலுமாரி செய்து பூட்டுகிறவர்; மரம் தெரிந்தவர் என்று நம்பி அவரையும் கூட்டிக்கொண்டு மரக்கடைக்குப் போனேன். அவர் வத்தகப்பழம் வாங்குகிற மாதிரிப் பலகைகளைத் தட்டிப் பார்த்தார். நான் நிறம் பார்த்தேன். ஓக் எல்லாம் ஓக்தானே! லேசான சிவப்பில் அவ்வளவு வடிவு. வாங்கி வந்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை சுகந்தி ஃபோனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டுக் கராஜுக்கு வந்தாள். துண்டுக் கட்டை ஒன்றை எடுத்தாள். ஒரு நுனி வாயில், மறு நுனி வாளியில். ஊதினாள்.

குமிழி! பொலுபொலுவென்று குமிழி!

நாங்கள் வாங்கி வந்த சிவப்பு ஓக்கின் நுண்ணிய குழாய்கள் நுனிக்கு நுனி திறந்தே கிடக்குமாம். தண்ணீரை உறிஞ்சும், வெளியில் கிடந்தால் சீக்கிரம் உக்கும். வெள்ளை ஓக்கில் அதே குழாய்கள் அடைபட்டிருக்கும். படகுக்கும் வெளியில் போட்டு உட்காருகிற வாங்குக்கும் அதுதான் சரி. யோகனுக்கு நம்பிக்கை வரவில்லை, அவரும் ஊதினார். பிறகு நான். பிறகு மூவரும் சேர்ந்து... சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

மத்தியானம் சுகந்தியே எங்களை மரக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள், கையில் ஒரு கப் தண்ணீரோடு. கடைக்காரர் வெட்டிக் கொடுத்த வெள்ளை ஓக் துண்டுகளை ஒவ்வொன்றாக ஊதினாள். முகம் சிவந்தது. ஒரு குமிழி இல்லை. கடைக்காரர் சிரிக்காமல் போய் அவள் கப்பில் புதுத் தண்ணீர் ஊற்றி வந்தார். நல்ல மனிதர்.

கடைசித் துண்டையும் ஊதி முடித்து மூச்சு வாங்கினாள்.

"இஞ்சருங்கோ, இதில செய்யுங்கோ. நான் ஏறுறன்."

இருபது வருடம்! சொல்ல வெட்கமாக இருக்கிறது, பலகைகளுக்கு நடுவில் என் கண் கலங்கிவிட்டது. கூட வருகிறவளைக் கேட்காமல் நான் யோகனைக் கேட்டிருக்கிறேன், பாருங்கள்.

சிவப்பு ஓக் வீணில்லை. வீட்டுக்குள் அது அருமையான மரம்; வாசலில் சப்பாத்து அடுக்குகிற தட்டு ஆகப்போகிறது, யோகன் கையால். வெள்ளை ஓக் கராஜில் தயார். சுகந்தி தொப்பி வாங்கிவிட்டாள். படகில் முன்னுக்கு இருப்பது யார் என்பதும் பேசி முடிந்தது.

இனி ஒரேயொரு சின்ன வேலைதான் பாக்கி — படகு செய்வது.