பாலைவனத்து லாரியில் என் பெயர்

எங்கள் லாரியின் நெற்றியில் என் பெயர் எழுதியிருந்தது. மீனாட்சிபுரத்தில் பாதி லாரிகளுக்குப் பிள்ளைகளின் பெயர்தான். ஆனாலும் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் தேங்காய் ஏற்றிப் போவது நானேதான் என்று எனக்கு நினைப்பு. கேரளா செக்போஸ்டைத் தாண்டினால் மலையாளத்தில் லாரி 'லோறி' ஆகிவிடும். என் பெயர் மட்டும் மாறாது. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

தொழில் படுத்து லாரி கைமாறியது. வாங்கியவர் முதல் வேலையாக என் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் மகள் பெயரை எழுதினார். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. அப்பா சவுதிக்குப் போனார், டிரைவர் வேலைக்கு.

போனில் கூப்பிட்டால் லாரிக் கதைதான். "இங்க லாரின்னா எவனுக்கும் தெரியாது கண்ணு. அரபிக்காரங்க ஷாஹினாங்கறாங்க, பாகிஸ்தான்காரரு ட்ராலாங்கறாரு, பிலிப்பைன்ஸ்காரரு ட்ரக்குங்கறாரு. லண்டன்ல மட்டும் நம்மளாட்டமே லாரிதானாமா. பேரு என்னவா இருந்தா என்ன, சொமக்கறது ஒண்ணுதான்."

மத்தியானத்தில் பாயில் படுத்து அந்தப் பெயர்களை முணுமுணுப்பேன். கண் சொக்கும்போது மணல்மேல் சத்தமே இல்லாமல் அவை வரிசையாக வரும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் நான் இருப்பேன்.

"ஏனுங்கப்பா, உங்க லாரில எம்பேரு எழுதிருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுதாம இருப்பனா அம்மணி?"

அது போதாதா! பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். ஒருத்தியும் நம்பவில்லை. புளுகி என்று பெயர் வைத்தார்கள். எனக்கு மானமே போயிற்று. அடுத்த முறை அப்பா வீடியோவில் வந்ததும், காட்டினால்தான் ஆயிற்று என்று அழுதேன். அம்மா போனைப் பிடுங்கப் பார்த்தார். "அப்பாவுக்கு வேலை கெடக்குது, உடு."

"இரு கண்ணு" என்று அப்பா எழுந்தார். பிறகு படம் ஆடியது. எங்கேயோ நடந்தார், நின்றார், ஒரு நிமிஷம் வானம் மட்டும் தெரிந்தது. வெள்ளை லாரி ஒன்றின் பின்கதவு தெரிந்தது. கதவெல்லாம் புழுதி. அந்தப் புழுதியில், விரலால் எழுதிய என் பெயர், நம் தமிழில். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் பெயின்ட் இல்லையே என்று உடனே ஒரு பயம்.

"மழை பேஞ்சா அழிஞ்சுருமுங்களே அப்பா!"

"இங்க மழையே பேயாது சாமி" என்று சிரித்தார்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் திருப்தியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் சாய்ந்தது; கழுவிய லாரிகளும் கழுவாத லாரிகளும் வரிசையாக நிற்க, அப்பா காலடியில் ஒரு ஹோஸ் பைப் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு கிடந்தது. மழையே பெய்யாத ஊரில் அப்பாவின் பேன்ட் ஏன் முழங்கால்வரை நனைந்திருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.