திரைக்கம்பி பூட்ட வந்தவர்

அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குளியலறையில் திரைக்கம்பி பூட்டுவதற்கு, கனடாவில் இருக்கும் மகள் போனில் பேசி அனுப்பிய ஆள். தண்ணீர் வெளியே தெறித்து நான் வழுக்கி விழுந்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். வீட்டுக்காரரோ, சுவரில் ஒரு ஓட்டை போட்டாலும் வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் நான் ஓம், சரி என்றே சொல்லியிருந்தேன்.

ஒல்லியான மனிதர், மலைநாட்டுப் பேச்சு. விரலை மடக்கி டைல்ஸைத் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"இங்க போடவாம்மா?"

எனக்கு வாய் வரவில்லை. தலை குனிந்தேன். அதைச் சரி என்று நினைத்து அவர் ட்ரில்லை வைத்தார். டைல் குறுக்கே வெடித்தது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"ஆரைக் கேட்டு ஓட்டை போட்டனீங்கள்? நான் சொன்னனானெல்லோ அம்மா!"

நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலைக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா வேணாம்னுதாங்க சொன்னாங்க. எனக்குத்தான் கேக்கல."

"உமக்கென்ன காது செவிடோ?"

"கொஞ்சம் மந்தந்தாங்க."

வீட்டுக்காரர் அவரை ஏசித் துரத்தினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்கு வந்தவர் வாசல்படி இறங்கினார்.

இந்த வயதுவரை என் வாயில் வராத 'வேண்டாம்' அந்த மனிதருக்கு மட்டும் எப்படிக் கேட்டதோ, தெரியவில்லை.